‘நகையைக் கொடு’: ஊரை வைத்து ஆளை எழுதும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் ஒரு குறும்படப் போட்டிக்கு வந்த பதினெட்டு ஸ்கிரிப்ட்களைப் படித்தேன். மதுரைக்காரன் வந்தால் அருவாள், கேரளத்துப் பெண் வந்தால் ஈரக் கூந்தல், அடகுக் கடை வந்தால் ‘அரே பாப்ரே’. எழுதியவர்கள் எல்லாரும் இருபத்தைந்து வயதுக்குள். ஆனால் நான் உதவி இயக்குநராக இருந்தபோது எழுதிய காட்சிகளைக் கார்பன் வைத்து எடுத்தது போல இருந்தன. நிறத்தைக் கிண்டல் செய்யாதே, உடம்பைக் கிண்டல் செய்யாதே என்பதெல்லாம் இந்தத் தம்பிகளுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு.

மதுரை என்றால் அருவாள்

கத்திக்கொண்டே இருக்கும் ஒரு பெரியப்பா, நாலு டாடா சுமோ, திருவிழாக் கூட்டத்தில் வெட்டு. இப்படி எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: டி.எம். சௌந்தரராஜன் எந்த ஊர்? மதுரை என்பார்கள். அவர் தாய்மொழி என்ன? முழிப்பார்கள். சௌராஷ்டிரம். தமிழ் உச்சரிப்புக்கு ஊரே உதாரணம் காட்டுகிற குரல், வீட்டில் வேறு மொழி பேசும் சமூகத்திலிருந்து வந்தது. பல நூறு வருடங்களாக மதுரையில் நெசவும் சாயமும் அவர்கள் தொழில். சுங்குடிச் சேலை அவர்கள் கைவேலை. பதினெட்டு ஸ்கிரிப்டில் ஒரு சௌராஷ்டிரர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அருவாளோடு வருகிறவர்களின் பழைய கதையும் லேசுப்பட்டதல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் 1920-ல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் வெள்ளைக்கார அரசின் போலீஸ் சுட்டது. ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளி என்று அன்று சட்டம் எழுதிவைத்தது. இன்று அதையே நாம் பின்னணி இசை போட்டு எழுதுகிறோம்.

ஏலே

மாமனாரைப் பார்த்து நெல்லைக்காரன் ‘ஏலே’ என்றால் அது வட்டார வழக்கு இல்லை, சண்டை.

நம்பள்கி, நிம்பள்கி

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். என் மேல்தான்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு படத்தில் அடகுக் கடைக் காட்சி. கதாநாயகனின் அம்மா தாலிக்கொடியை வைக்க வருகிறாள். காட்சி ரொம்பக் கனமாக இருக்கிறது, நடுவில் ஒரு சிரிப்பு வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்: ‘நம்பள்கி பணம் கொடுக்கிறான், நிம்பள்கி நகையை கொடு.’

செட் போடுவதைவிட நிஜக் கடை மலிவு என்று சௌகார்பேட்டையில் ஒரு சந்துக் கடையை இரண்டு நாளைக்குப் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு யூனிட் இறங்கியது. லைட், ஜெனரேட்டர் வேன், இட்லிப் பாத்திரம் எல்லாம் வந்தாச்சு. கடைக்காரர் “என்ன எடுக்குறீங்க, பாக்கலாமா?” என்று கேட்டார். சேட்டுக்கு எங்கே தமிழ் படிக்க வரப்போகிறது என்ற நினைப்பில், சீன் பேப்பரை நானே அவர் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஓர் இடத்தில் என்னவோ திருத்தினார். அப்புறம் சொன்னார்: “தம்பி, ‘நகையைக் கொடு’ன்னு ‘க்’ வரணும். இதுக்கே எங்க தமிழ் வாத்தியார் அடி பின்னிடுவாரு. நாங்க இந்தத் தெருவுக்கு வந்து மூணு தலைமுறை ஆச்சு. எங்க தாத்தாகூட இப்படிப் பேசினதில்ல.”

அட்வான்ஸை எண்ணி மேஜை மேல் வைத்தார். ஷட்டர் இறங்கியது.

அறுபது பேருக்கு ஒரு நாள் பேட்டா, லைட் வாடகை, அம்மா வேஷக்காரரின் கால்ஷீட், எல்லாம் போச்சு. பத்து நாள் கழித்து செட் போட்டு எடுத்தோம். வெட்கக்கேடு என்னவென்றால் அப்போதும் வசனத்தை மாற்றவில்லை. ‘க்’ மட்டும் சேர்த்தோம். தியேட்டரில் நன்றாகச் சிரித்தார்கள்.

பணத்தை விடுங்கள், அது தயாரிப்பாளருடையது. காட்சி போனதுதான் எனக்கு நஷ்டம். எவ்வளவு போனது என்பது, பிற்பாடு என் மனைவியின் வளையலோடு வேறொரு அடகுக் கடையில் நானே போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. உரைகல்லில் ஒரு இழுப்பு, அதன் மேல் ஒரு சொட்டு ஆசிட். கல் பதித்த நகை என்றால் கல்லுக்கு எடை கழிப்பார்கள். அப்போது எதிரே இருப்பவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ரசீதை நீட்டும்போது கடைக்காரர் தேதியை விரலால் தொட்டுக் காட்டுகிறார். நகை முழுகிப்போவதற்கு முன்னால், தெரிந்த வீடாக இருந்தால் ஆள் விட்டுச் சொல்கிறார். எந்த வீட்டில் எந்த நகை கடைசியாகக் கிளம்பி வரும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தெருவின் மொத்தக் கஷ்டமும் அத்துப்படியான மனிதர். அவரைத்தான் நான் வினைச்சொல்லை முடிக்கத் தெரியாத கோமாளியாக எழுதினேன்.

அதற்காக அவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கெட்டவராக இருக்கட்டும். ஆனால் அந்தக் கெட்டத்தனம் வட்டிக் கணக்கில் தெரியட்டும், உச்சரிப்பில் வேண்டாம். ‘சேட்டு, வயது 50, தொந்தி’ என்று ஒரே வரியில் மார்வாடி, குஜராத்தி, சிந்தி மூவரையும் முடித்துவிடாதீர்கள். இந்தப் போட்டியில் ஒரு சமண சேட்டு ராத்திரி பத்து மணிக்கு உருளைக்கிழங்கு பராத்தா சாப்பிடுகிறார். பொழுது சாய்ந்த பின் சாப்பிடாதவர்களும், கிழங்கையே தொடாதவர்களும் சமணர்களில் நிறைய.

கேரளத்துப் பெண்

தங்கக் கரை போட்ட வெள்ளைச் செட்டு முண்டு, ஓணம் மாதிரி விசேஷத்துக்குக் கட்டுவது. செவ்வாய்க்கிழமை டியூட்டிக்குப் போகிற நர்ஸ் அதைக் கட்டிக்கொண்டு கிளம்ப மாட்டார்.

வடசென்னை

2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டைப் பெண். உங்கள் ஸ்கிரிப்டில் அந்தப் பக்கம் கேரம் போர்டு வந்தாலே அடுத்த ஷாட்டில் கத்தி.

‘அவங்க மட்டும் நம்மள…’

இந்திப் படக்காரர்கள் மட்டும் நம்மைக் கிண்டல் செய்யவில்லையா என்று தம்பிகள் சொல்லும் சமாதானம் இது. நியாயம் இல்லாமலும் இல்லை. 1968-ல் ‘படோசன்’ படத்தில் மெஹமூத் குடுமியோடு தென்னிந்தியப் பாட்டு வாத்தியாராக வந்தார். 2011-ல் ‘ரா ஒன்’ படத்தில் ஷாருக் கான் சேகர் சுப்பிரமணியமாக வந்து நூடுல்ஸில் தயிரைப் பிசைந்தார். நாற்பத்து மூன்று வருடத்தில் குடுமி மட்டும் போயிருந்தது. கொதித்துப்போய் ஒரு நண்பனிடம் அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். கேட்டு முடித்துவிட்டு, “நம்பள்கி எழுதினவன்தானே நீ?” என்றான்.

‘வடக்கன்’

திருப்பூரில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் ஒடிசாக்காரரா, ஜார்க்கண்டா, அசாமா என்று கேட்கக்கூட நமக்குப் பொறுமை இல்லை. படத்தில் எல்லாரும் பான்பராக் போடும் திருடர்கள். கடைசியில் ஒரே ஒரு நல்ல பீகாரியைச் சாகடித்துக் கணக்கை நேர் செய்வோம்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்து பலர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். அதை ஏன் அவ்வளவு லேசாக நம்பினார்கள் என்று யோசித்தேன். நம் வெட்டுக்குத்துப் படங்கள் இந்தி டப்பிங்கில் வருடக்கணக்காக அங்கே டிவியில் ஓடுகின்றன. அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அருவாளை அங்கே அனுப்பி வைத்தது நாம்தானே.

பதினெட்டுப் பேரில் ஒரு தம்பி அடகுக் கடைக் காட்சியைத் திருப்பி எழுதிக்கொண்டு வந்தான். ஒரு அம்மா வளையலைக் கழற்ற முடியாமல் சிரமப்படுகிறாள். கடைக்காரர் உள்ளே திரும்பி, கொஞ்சம் சோப்பும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்கிறார். அப்புறம் காலண்டரைப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்கு இந்த வருசம் பத்தாவதா?” என்கிறார். அவளிடம் அவர் பேசுவது அந்த ஒரு வரிதான். ‘சோப்பும் தண்ணீரும்’ என்ற இடத்தில் சந்தியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்தேன்.