சீன மூலிகை மருந்து மூட்டு வலிக்குக் கேட்கிறதா? நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மாட்களுக்குச் சீன மருந்துக் கடை ஒன்றும் புதிதல்ல. முட்டி வலி என்றால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்வார், ஊருக்குப் போகிறவர் பெட்டியில் கோடாலித் தைலம் இருக்கும். வேலை செய்கிறதா என்று கேட்டால் "எனக்குக் கேட்டுச்சு" என்பார்கள். அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. மூட்டு வலி தானாகவே ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்து தேடி ஓடுகிறோம், அடுத்த வாரம் எதைச் சாப்பிட்டிருந்தாலும், சும்மா இருந்திருந்தாலும்கூட, கொஞ்சம் இறங்கியிருக்கும்.

முதலில், வீட்டில் சோதிக்கவே கூடாத சரக்குகள். ஃபூஸி, சுவான்வூ, சாவ்வூ மூன்றும் அகோனைட் வகைக் கிழங்குகள், இதயத் துடிப்பையே குலைக்கும் விஷம் உள்ளவை. பக்குவம் செய்துதான் மருந்தில் சேர்ப்பார்கள், பக்குவம் தவறினால் உயிருக்கே ஆபத்து. குடித்த கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போனால் யோசிக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். அடுத்தது லேய்கோங்தெங் என்ற கொடி. இது வெறும் நம்பிக்கை இல்லை, உண்மையிலேயே வீரியமான மருந்து: 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் முடக்குவாதம் உள்ள 121 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் இதன் வேர்ச்சாறும் மறுபக்கம் முடக்குவாதத்துக்கு டாக்டர்கள் வழக்கமாகத் தரும் சல்ஃபாசலசீன் மாத்திரையும் கொடுத்தார்கள், 24 வாரம் தாக்குப்பிடித்தவர்களில் வேர்ச்சாறு பக்கம்தான் அதிகம் பேருக்குப் பலன் தெரிந்தது. ஆனால் இரண்டு பக்கமும் பாதியில் விலகியவர்கள் ஏராளம். ஆண்களுக்கு விந்தணு குறையும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும். டாக்டர் கண்காணிப்பில்லாமல் தொடாதீர்கள்.

மூன்றாவது ஃபாங்ஜி, இதில் பிரச்சினை ஆள்மாறாட்டம்: வெவ்வேறு செடிகளுக்கு இதே பெயர். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைக்கும் மாத்திரையில் ஒரு ஃபாங்ஜிக்குப் பதில் இன்னொரு ஃபாங்ஜி கலந்துபோய், அதிலிருந்த அரிஸ்டலோகிக் அமிலத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது.

சரி, சோதிக்கக்கூடியது எது? இடுப்பு, முட்டி வலிக்கு அதிகம் தரப்படும் டூஹுவோ ஜிஷெங் டாங்கை எடுத்துக்கொள்வோம். 7ஆம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்ற சீன வைத்தியர் எழுதிவைத்த யோகம், அதாவது மருந்துக் கலவை, 15 சரக்குகள். இதிலும் ஷீஷின் என்று ஒன்று உண்டு, அதன் இலை, தண்டில்தான் அந்த அரிஸ்டலோகிக் அமிலம் அதிகம் என்பதால் வேர்ப்பகுதியை மட்டும் சேர்க்க வேண்டும். அதனால் எடைபோட்டுத் தரும் பொட்டலத்தைவிட, பதிவு பெற்ற சீன மருத்துவர் எழுதித்தருவதையோ பதிவான பெட்டி மருந்தையோ வாங்குங்கள். மலேசியாவில் என்றால் பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், பாரம்பரிய மருந்துக்கு அது டி (T) என்ற எழுத்தில் முடியும். சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையதளத்தில் மருந்தின் பெயரைத் தேடிப் பாருங்கள், எச்சரிக்கை ஏதாவது வந்திருந்தால் அங்கே தெரியும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சோதனையே வேண்டாம். டாங்குவெய், டான்ஷென் என்ற சீன மூலிகைகள் இரண்டுமே ரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும், டாங்குவெய் இந்த யோகத்திலேயே இருக்கிறது. கர்ப்பிணிகளும், சிறுநீரகம் அல்லது கல்லீரல் பழுதானவர்களும் வேண்டாம். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டுச் சோதிப்பதும் வேண்டாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை: கல்லீரலுக்கு ஏஎல்டி, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், அழற்சிக்கு சிஆர்பி. பிறகு இரண்டு வாரம் இந்தச் சீன மருந்து இல்லாமல் குறிப்பு மட்டும் எழுதுங்கள். பலரும் தாண்டிக் குதிப்பது இந்த இரண்டு வாரத்தைத்தான், இது இல்லாவிட்டால் மீதியெல்லாம் வீண். தினமும் ஒரே நேரத்தில் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள், காலையில் விறைப்பு எத்தனை நிமிடம் இருந்தது, அன்று எத்தனை பாரசிட்டமால் விழுங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். கூடவே ஒரு வேலையை அளவுகோலாக வையுங்கள், ஒரு மாடி ஏறுவதோ தரையில் உட்கார்ந்து எழுவதோ. வீக்கம் இருந்தால் தையல்காரர் நாடாவால் முட்டியைச் சுற்றி அதே இடத்தில் அளந்து பாருங்கள்.

அப்புறம் நாலு வாரம் மருந்து. இந்தக் காலத்தில் புதிதாக யோகா, புதுச் செருப்பு, மஞ்சளில் செய்த மாத்திரை என்று எதையும் சேர்க்காதீர்கள். முடிந்ததும் ரத்தத்தை மறுபடி பார்த்துவிட்டு இரண்டு வாரம் நிறுத்துங்கள், பிறகு இன்னொரு சுற்று. முந்தைய நாள் போட்ட எண்ணைப் பார்க்காமல் எழுதினால் நல்லது, மனசு தனக்குப் பிடித்த பதிலைத்தான் எழுதும். சராசரி 2 புள்ளியாவது இறங்கி, நிறுத்தியபோது ஏறி, மறுபடி சாப்பிட்டபோது இறங்கினால் உங்களுக்குக் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அரைப்புள்ளி மாற்றமெல்லாம் கணக்கில் வராது. வலி எண் இறங்கியும் வீக்கமும் சிஆர்பியும் அப்படியே இருந்தால், வலி மட்டும் மட்டுப்பட்டிருக்கிறது, அழற்சி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கிறது. முடக்குவாதக்காரர்களுக்கு இது பெரிய விஷயம், மூட்டு அரிக்கப்பட்டுத் தேய்வது நிற்காது.

இப்போது முக்கியமான சமாச்சாரம். மாத்திரை சாப்பிட்டு இரண்டே நாளில் பல வருட வலியும் வீக்கமும் மாயமானால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளையும் பொடித்து, பெட்டியில் ஒரு வார்த்தை எழுதாமல் 'மூலிகை' மருந்தில் கலப்பது வெகுகாலமாக நடக்கிறது. (நம்மூர் மூட்டுவலிச் சூரணங்களிலும் இந்தத் திருட்டு உண்டு, சீனர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை.) முகம் உப்புவது, அகோரப் பசி, சர்க்கரை ஏறுவது, தோலில் சட்டென்று கன்றிப்போவது எல்லாம் ஸ்டீராய்டின் அடையாளம். அப்படித் தெரிந்தால், அதுவும் வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால், நீங்களாக டக்கென்று நிறுத்தாதீர்கள், உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். பெட்டியோடு அன்றே டாக்டரிடம் போங்கள்.

தைலம் கதை வேறு. அது உடனே கேட்பதில் சூது இல்லை: மென்தாலும் கற்பூரமும் தோலில் குளிர்ச்சியோ சூடோ கிளப்பி வலியை மறக்கடிக்கும், அவ்வளவுதான். எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று மட்டும் குறித்தால் போதும். தைலத்தில் மெத்தில் சாலிசிலேட் என்ற சரக்கு இருந்தால் வார்ஃபரின்காரர்கள் அதையும் தவிர்க்கவும், மற்றவர்களும், தேய்த்த இடத்தில் துணி சுற்றிச் சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.