எம்.எட். சேரும் முன் ஆய்வேட்டைப் புரட்டுங்கள்

சேலம் பக்கம் சின்னக் கல்லூரியில் எம்.எட். (கல்வியியல் முதுநிலைப் படிப்பு) சேர நினைப்பவர்கள், கட்டணம் கட்டும் முன் ஒரு வேலை நாளில் நேரில் போய் வாருங்கள். என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரமும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழக இணைப்பும் எம்.எட்.டுக்கென்றே இருக்கின்றனவா என்று பாருங்கள், பி.எட்.டுக்கு இருப்பது போதாது. என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைப்படி 50 இடங்களுக்கு 10 ஆசிரியர்கள் வேண்டும். பெயர்ப்பலகையை நம்பாமல், அன்று வகுப்பெடுப்பவர்களை எண்ணுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது நூலகம்தான். முந்தைய மாணவர்களின் ஆய்வேடுகளைக் கேட்டு வாங்குங்கள். ஏற்காடு மலைக்கிராமப் பள்ளிக்கு நிஜமாகவே போய்த் தரவு திரட்டியிருக்கிறார்களா, இல்லை ஊர்ப்பெயர் மட்டும் மாறி அதே வினாநிரல், அதே அட்டவணையா? நாலைந்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். வழிகாட்டி என்று எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருந்தால் யோசியுங்கள். "வகுப்புக்கு வராமலே முடிக்கலாம்" என்று யாராவது சொன்னால், மறுபேச்சில்லாமல் கிளம்பிவிடுங்கள்.