கையுறைக்குள் அரிக்கிறதா? மணிக்கூட்டைப் பாருங்கள்

பல் சிகிச்சை அறையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், என் மோதிரவிரலின் அடித்தோல் சிவந்து உரியத் தொடங்கியது. கையுறை ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலும் வேலையிடத்திலும் தீர்ப்பாகிவிட்டது. கையுறையை மாற்றினேன், உரிதல் நிற்கவில்லை. குற்றவாளி மோதிரத்துக்கடியில் தேங்கிய சவர்க்காரம். வன்னியில் புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கையருக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: ஒரு கொப்பி எடுங்கள். கையுறை போட்டு எவ்வளவு நேரத்தில் அரித்தது, எந்த இடத்தில் என்று எழுதுங்கள். சில நிமிடங்களிலேயே தடிப்புத் தடிப்பாக எழும்பி, கழற்றிய பின் அடங்கினால் இயற்கை இறப்பரின் புரதத்துக்கு ஒவ்வாமை இருக்கலாம். ஓரிரு நாள் கழித்துக் கொப்புளமும் அரிப்புமாக வந்தால், இறப்பரில் சேர்க்கும் இரசாயனங்களையோ பல் அடைக்கும் பசையையோ சந்தேகியுங்கள். வறட்சி, வெடிப்பு, எரிவு மட்டும் மிஞ்சி, லீவு நாட்களில் குறைந்தால் பெரும்பாலும் அது உறுத்தலால் வந்த அழற்சி. எங்களில் அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

இரண்டாம் படி: கழுவும் முறையை மாற்றுங்கள். இங்கே பல கிணறுகளின் தண்ணீர் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். சவர்க்காரம் நுரைக்காது, நாங்களோ விடாமல் தேய்ப்போம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வறண்டு வீசும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கையில் அழுக்கோ இரத்தமோ தெரிந்தால் சவர்க்காரம். மற்றபடி கிளிசரின் கலந்த அற்ககோல் திரவத்தை 20 முதல் 30 வினாடி தேய்த்தால் போதும். வெடிப்பில் பட்டால் எரியும்தான், ஆனாலும் தோலுக்குச் சவர்க்காரத்தைவிட அது மென்மையானது. கழுவினால் விரலிடுக்கு வரை ஒற்றித் துடைத்து, காய்ந்த பிறகே கையுறை.

மூன்றாம் படி: தேங்காயெண்ணெய் பூசிய கையில் லேற்றெக்ஸ், அதாவது இயற்கை இறப்பர், கையுறையை மாட்டாதீர்கள். எண்ணெயும் வசிலீனும் இறப்பரை இளக்கிவிடும். அவற்றை இரவில் பூசுங்கள்.

நான்காம் படி: மாவு பூசாத நைட்ரில் (செயற்கை இறப்பர்) கையுறை கேளுங்கள். மாவுக் கையுறையை அமெரிக்கா 2017இலேயே தடைசெய்துவிட்டது. ஆனால் நைட்ரில் கவசமல்ல: பல் அடைக்கும் பசையிலுள்ள மெதக்ரிலேற்று என்ற இரசாயனம் சில நிமிடங்களில் அதையும் ஊடுருவும். விரல்நுனி மட்டும் வெடித்தால் முதலில் இதை நினையுங்கள். பசையைத் தொடாமல் வேலை செய்யுங்கள். பட்டால் அந்தக் கணமே கையுறையை மாற்றுங்கள்.

தடிப்போடு உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கொப்பியை விட்டுவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். வாழைப்பழமோ பப்பாசியோ சாப்பிட்டு வாய் அரிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். இறப்பர் ஒவ்வாமையோடு சேர்ந்து வரக்கூடியது அது.

மூன்று நான்கு வாரத்திலும் ஆறாவிட்டால் தோல் வைத்தியரிடம் போங்கள். பாமசியில் நீங்களாகவே ஸ்டீரொய்ட் களிம்பு வாங்கிப் பூசினால் நாளடைவில் தோல் மெலிந்துவிடும். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய, தோல் வைத்தியர்கள் முதுகில் சிறு ஒட்டுகளை இரண்டு நாள் ஒட்டிவைத்துச் சோதிப்பார்கள். அதுவரை முதுகை நனைக்க முடியாது. போகும்போது கொப்பியோடு, கையுறைப் பெட்டி, பசைக் குப்பி இவற்றின் லேபிள்களையும் படமெடுத்துக்கொண்டு போங்கள்.