கிட்டார் நெக்கைக் கைக்குத் தக்கபடி இழைப்பது எப்படி?

ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டு பிடித்த சற்று நேரத்திலேயே கட்டைவிரலின் அடி வலிக்கிறதா? நெக், அதாவது கை பிடிக்கும் கழுத்துப் பகுதி, தடிமன் என்றுதான் முதலில் தோன்றும். பல நேரம் தடிமன் சரியாகத்தான் இருக்கும். உறுத்துவது தோள்கள், அதாவது நெக்கின் பின்புற நடுப்பகுதியான நடுமுதுகுக்கும், விரல் பதிக்கும் முன்பலகையான ஃப்ரெட்போர்டின் ஓரத்துக்கும் இடையே புடைத்திருக்கும் பகுதி. அதைக் கொஞ்சம் குறைத்தாலே நெக் மெலிந்ததுபோல் இருக்கும். நடுமுதுகைத் தொட வேண்டாம். உள்ளே, கம்பிகளின் இழுப்பில் நெக் வளையாமல் தாங்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு ஓடுகிறது. அதற்கு வெளியே மிஞ்சியிருப்பது மெல்லிய மரம்தான்.

ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்), டெலி (டெலிகாஸ்டர்) வகை மலிவு எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றில் தொடங்குங்கள். நெக் திருகாணியில் நிற்பதால் தனியாகக் கழற்றி வேலை செய்யலாம். விலையுயர்ந்த பழைய கிட்டாரில் கை வைத்தால் மறுவிற்பனை மதிப்பு போய்விடும்.

கம்பிகளைக் கழற்றி, ட்ரஸ் ராடைத் தளர்த்தி, நெக்கைப் பிரித்தெடுங்கள். ஃப்ரெட்போர்டு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அப்புறம் நெக்கின் தடிமனைக் காலிபர் என்ற அளவுகருவியால் அளந்து குறித்துவையுங்கள். இப்போதைய ஸ்ட்ராட் நெக்குகள் பெரும்பாலும் முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட்போர்டின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) 21 மி.மீ., 12-ஆம் ஃப்ரெட்டில் 23 மி.மீ. அளவில் இருக்கும்.

எவ்வளவு குறைப்பது? உங்கள் கைக்குப் பிடித்த வேறொரு கிட்டார் நெக்கின் பின்புறம், சால்டரிங் ஈயக்கம்பியை அழுத்தி வளையுங்கள். அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். முதல் ஃப்ரெட்டுக்கு ஒன்று, 12-ஆம் ஃப்ரெட்டுக்கு ஒன்று. வெறும் உத்தேசத்தில் இறங்கினால் எங்கே நிறுத்துவது என்றே தெரியாது.

நெக்கின் பின்புற நடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 மி.மீ. அகலத்தை டேப் ஒட்டி மூடுங்கள். முகமூடி கட்டிக்கொண்டு, அட்டை வைக்கும் இரண்டு இடங்களிலும் தோளை மர அரத்தால் தட்டையாகச் சீவி, பிறகு நீளவாக்கில் இழுத்து இரண்டையும் இணையுங்கள். அட்டை கிட்டத்தட்டப் பொருந்தியதும் அரத்தைக் கீழே வையுங்கள். மிச்சம் உப்புத்தாளின் வேலை.

80-ஆம் எண் உப்புத்தாளை நீளமாகக் கிழித்து, குளித்தபின் முதுகைத் துண்டால் துடைப்பதுபோல் இரு முனையும் பிடித்து இழுங்கள். தட்டை விளிம்புகள் தானாக உருளும். நடுவில் இருக்கும் டேப் தேயத் தொடங்கினால் அழுத்தம் அதிகம் என்று பொருள். பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் பள்ளத்தில் மட்டும் கோடு மிஞ்சும். கண்ணை மூடி உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். கண்ணில் படாத மேடு கையில் தட்டும்.

இந்தக் கட்டத்தில் நெக்கை மாட்டி, கம்பி போட்டு, ஒரு நாள் வாசியுங்கள். போதும் என்று தோன்றினால் நிறுத்திவிடலாம். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாதே!

மறுபடி கழற்றி, நடு டேப்பை உரித்து, 120, 180, 240, 320 என்று ஏறி வழவழப்பாக்குங்கள். மரத்துக்குப் பூசும் டங் ஆயிலை மெல்லிசாகப் பூசித் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

கடைசியாக நெக்கை மாட்டிச் சுருதி சேர்த்து, தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். 7-ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி. கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள்.