காசு கொடுத்துக் கேட்கும் ரேடியோ மந்த காலத்தில் நிற்குமா? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 பிப்ரவரி. செயற்கைக்கோள் வழியே ரேடியோ ஒலிபரப்பி மாதச் சந்தா வாங்கும் அமெரிக்காவின் சிரியஸ் எக்ஸ்எம் ரேடியோ நிறுவனத்தின் பங்கு சில சென்ட்டுக்கு விலைபோய்க்கொண்டிருந்தது. 17-ம் தேதிக்குள் ஏறக்குறைய 17.5 கோடி டாலர் கடனைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். கையில் வழியில்லை. திவால் மனுவுக்கான ஆலோசகர்களைக்கூட அமர்த்தியாகிவிட்டது. ஊரெல்லாம் ஒரே பேச்சு: வேலை போகிற காலத்தில் பாட்டுக்கு யார் மாதம் 13 டாலர் கொடுப்பார்கள்?

ஆனால் அந்த நிறுவனத்தின் சந்தாக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2008 கடைசியில் சந்தாதாரர்கள் 1 கோடியே 90 லட்சம். மிக மோசமான ஆண்டான 2009 முடிந்தபோது சுமார் 1 கோடியே 88 லட்சம். 2010 கடைசியில் 2 கோடியைத் தாண்டியாயிற்று. கேட்பவர்கள் கைவிட்டதால் அந்த நிறுவனம் விளிம்புக்குப் போகவில்லை. வேறு எதனால் போனது என்பதைப் பார்க்காமல் விடுவதுதான் இந்த விஷயத்தில் எல்லாத் தவறுக்கும் ஊற்று.

இன்று தமிழில் சந்தாவை நம்பி பாட்காஸ்ட் தொடங்க நினைப்பவர்கள் பலர் என்னிடம் பேசுகிறார்கள். "நம்ம ஆளுங்க காசு கொடுக்க மாட்டாங்க, அதுவும் இந்த விலைவாசியில" என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் அதற்கு நேர்மாறாக, "கஷ்ட காலத்துலதான் ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு வேணும்" என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறார்கள். இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பவர்தான் முதலில் ஓடுவார் என்று நினைப்பது

வீட்டில் பணம் இறுகும்போது முதலில் நிற்பது பெரிய செலவு. வெளியூர்ப் பயணம் தள்ளிப்போகும், ஹோட்டல் சாப்பாடு குறையும், புது வண்டி அடுத்த வருஷம் என்று ஆகும். தினமும் காலையும் மாலையும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் காரில் உட்காருபவருக்கு 12.95 டாலர் என்பது குடும்பத்தோடு ஒரு சினிமாவுக்குப் போகும் செலவைவிடக் குறைவு. பழகிய குரல் ஒன்று கூடவே வருகிறது. அதை அவர் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. சொந்தக் காசு கட்டிக் கேட்டவர்களில் மாதத்துக்கு 100-க்கு 2 பேர் அளவில்தான் அந்த ஆண்டிலும் விலகினார்கள்.

நம் ஊரிலும் ரேடியோவுக்குப் பணம் கட்டுவது புதிதல்ல. தபால் ஆபீசில் வருஷா வருஷம் ரேடியோ லைசென்ஸ் கட்டி, அந்தச் சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 1980-களில்தான் அது நீங்கியது. அது சட்டம் கேட்ட பணம், இது மனசு கேட்டுக் கொடுக்கும் பணம். வித்தியாசம் உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் "ரேடியோ என்றால் ஓசிதானே" என்பது என்றைக்கும் இருந்த வழக்கம் அல்ல.

1930-களை உதாரணம் காட்டுவது

பெருமந்த காலத்தில் அமெரிக்காவில் ரேடியோ வளர்ந்தது உண்மை. 1930-ல் 100 வீட்டில் 40 வீட்டில் இருந்த பெட்டி, 1940-ல் 80-ஐத் தாண்டியது. அதை எடுத்துக்காட்டி, மந்தம் வந்தால் ரேடியோ செழிக்கும் என்று வாதாடுகிறார்கள். அங்கே பெட்டியை ஒரு முறை வாங்கினால் போதும், பிறகு கேட்பது முழுக்க இலவசம். விளம்பரக்காரர்கள் பணம் கொடுத்தார்கள். மாதா மாதம் பில் வரும் தொழிலுக்கு அது சாட்சியாகாது.

புதியவர் வந்து சேரும் வாசலை மறப்பது

இதில்தான் கணக்கு உண்மையிலேயே தலைகீழாகிறது. நிதானமாகப் பார்ப்போம்.

உங்களிடம் 1,000 சந்தாதாரர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2 சதவீதம் விலகல் என்பது கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கும். முதல் மாதம் 20 பேர், அடுத்த மாதம் மிச்சமிருப்பவர்களில் 2 சதவீதம், இப்படியே போனால் 12 மாதம் கழித்து நிற்பவர்கள் 785 பேர். யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஒருவருக்கு வேலை மாறியது, ஒருவர் வண்டியை விற்றார், இன்னொருவரின் கார்டு காலாவதியானது. ஆளே புதிதாக வராவிட்டால் நல்ல காலத்திலும் இந்தத் தொட்டி வற்றும். ஆகவே மந்தம் வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை பேர் போவார்கள்" என்பதல்ல. "புதியவர்கள் எந்த வாசல் வழியாக வருகிறார்கள், அந்த வாசல் திறந்திருக்குமா" என்பதுதான்.

சிரியஸும் எக்ஸ்எம்மும் முதலில் தனித்தனி நிறுவனங்கள். இரண்டுக்கும் அந்த வாசல் கார் தொழிற்சாலை. ஜெனரல் மோட்டார்ஸ் எக்ஸ்எம் பக்கம், ஃபோர்டும் கிரைஸ்லரும் சிரியஸ் பக்கம். காரோடு ரேடியோ பொருத்தியே வரும், சில மாதம் இலவசமாகப் பாடும், பிறகு உரிமையாளர் பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். கட்டியவர்கள் அப்போது ஏறக்குறைய பாதிப் பேர் அல்லது அதற்கும் கீழே. 2007-ல் அமெரிக்காவில் விற்ற கார்களும் இலகுரக வண்டிகளும் சுமார் 1 கோடியே 60 லட்சம். 2009-ல் அது 1 கோடியே 4 லட்சமாக விழுந்தது. அதே ஆண்டில் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு கொடுத்தன. பழைய கேட்பாளர்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க, வாசல் மட்டும் பாதி சாத்திக்கொண்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார் நிறுவனம் காசு கட்டிய சோதனைக் காலச் சந்தாவும் அந்த மொத்த எண்ணிக்கையில் சேர்ந்தது. அதனால் சந்தாதாரர் கூடினார்கள் என்று செய்தி வந்தால், அதில் தன் பையிலிருந்து கட்டுபவர் எத்தனை பேர் என்று பிரித்துக் கேட்காமல் சந்தோஷப்படக் கூடாது.

பின்னாளில் அந்த நிறுவனம் கண்டுபிடித்த இரண்டாவது வாசலைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பழைய கார்! பணம் இறுகும்போது ஜனங்கள் பழைய வண்டி வாங்குவார்கள். அந்த வண்டியின் டாஷ்போர்டில் ரேடியோ ஏற்கெனவே இருக்கிறது. முதல் உரிமையாளர் சந்தாவை நிறுத்தியதும் அது ஊமையாகக் கிடக்கிறது. புதுக் கருவி கொடுக்க வேண்டாம், பொருத்துகூலி வேண்டாம், சமிக்ஞை அனுப்பித் திறந்துவிட்டால் போதும். இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர்களைத் தேடிப் பிடிக்கத் தனி ஏற்பாடே செய்தார்கள்.

நல்ல காலத்தில் போட்ட கையெழுத்தை மந்த காலத்தில் மறப்பது

1997-ல் உரிமம் வாங்கி, 2001 செப்டம்பரில் எக்ஸ்எம்மும் 2002 பிப்ரவரியில் சிரியஸும் ஒலிபரப்பைத் தொடங்கின. இரண்டும் ஒன்றையொன்று முந்தும் வெறியில் ஒப்பந்தம் போட்டன. பிரபல ரேடியோ பேச்சாளர் ஹோவர்ட் ஸ்டெர்னுக்கு 5 ஆண்டுக்கு 50 கோடி டாலர், பேஸ்பால் ஆட்டங்களுக்கு 11 ஆண்டுக்கு 65 கோடி, அமெரிக்கக் கால்பந்துக்கு 7 ஆண்டுக்கு 22 கோடி, டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேக்கு 3 ஆண்டுக்கு 5.5 கோடி. ஸ்டெர்ன் வந்ததால் கேட்பாளர்கள் கூட்டமாக வந்தார்கள், மறுக்க முடியாது. ஆனால் வருமானம் மாதா மாதம் சொட்டுச் சொட்டாக வருவது. செலவோ தேதி குறித்து மொத்தமாக நிற்பது. நடுவிலுள்ள பள்ளத்தைக் கடன் நிரப்பியது.

2008 ஜூலையில் இரண்டும் இணைந்தன. இரண்டே மாதத்தில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்தது, கடன் சந்தை உறைந்தது. சாதாரண காலமென்றால் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கிடைத்திருக்கும். 2009 பிப்ரவரியில் யாரும் நீட்டத் தயாரில்லை. கடைசியில் கேபிள் டிவி தொழிலதிபர் ஜான் மலோனின் லிபர்ட்டி மீடியா 53 கோடி டாலர் கடன் தர முன்வந்தது. வட்டி 15 சதவீதம், கூடவே நிறுவனத்தில் 40 சதவீதப் பங்கு. சேவை பிழைத்தது, கேட்பவர்களுக்கு ஒரு பாட்டுகூட நிற்கவில்லை. நொந்துபோனவர்கள் பழைய பங்குதாரர்கள்.

ரேடியோ தழைத்ததா என்று கேட்பவர்கள் யாருக்குத் தழைத்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சேவை தழைக்கலாம், அதில் பணம் போட்டவர் மூழ்கலாம். சின்ன அளவில் ஒலிபரப்புத் தொடங்குபவருக்கும் இதே கணக்குத்தான். ஸ்டூடியோ வாடகைக்கு 3 வருஷ ஒப்பந்தம், பேச்சாளருக்கு முன்பணம், அதற்கு வட்டிக்கு வாங்கிய பணம் என்று முதல் மாதமே கழுத்தில் கல்லைக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

விலையைக் கண்டு பயப்படுவதும், கதவைப் பூட்டி வைப்பதும்

மந்தம் வந்ததும் பலருக்குத் தோன்றுவது விலைக் குறைப்பு. இணைப்புக்கு அனுமதி தந்த அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், 3 ஆண்டுக்கு அடிப்படை விலையை ஏற்றக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தது. அப்படியிருந்தும் 2009-ல் அதே வீட்டின் கூடுதல் ரேடியோவுக்கான கட்டணம் 6.99-லிருந்து 8.99 டாலர் ஆனது. ஜூலையில் இசை உரிமைத் தொகை என்று 1.98 டாலர் சேர்ந்தது. ஆட்கள் கூட்டமாக விலகி ஓடவில்லை. இருப்பவர்களுக்கு 10 சதவீதம் குறைத்தால் வருமானம் அன்றே 10 சதவீதம் போகும், அதை ஈடுகட்டுமளவு புதியவர் வருவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

விலகுவதைக் கடினமாக்குவது இதைவிட மோசமான தவறு. சந்தாவை ரத்து செய்ய நீண்ட நேரம் போனில் காத்திருந்து, சலுகை மேல் சலுகையாகக் கேட்டுத் தலையாட்ட வேண்டியிருந்தது என்ற புகார்கள் சிரியஸ் எக்ஸ்எம் மீது வருஷக்கணக்காக வந்தன. 2014-ல் 45 மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்களோடு 38 லட்சம் டாலர் சமரசம் ஆனது. 2023 டிசம்பரில் நியூயார்க் மாநிலம் தனியாக வழக்குப் போட்டது, 2024-ல் ரத்து முறை சட்டத்தை மீறியது என்று நீதிமன்றம் சொன்னது. வேலை இழந்த ஒருவர் 13 டாலரை மிச்சப்படுத்த போன் செய்யும்போது அவரைச் சுற்றிச் சுற்றி அலைக்கழித்தால், நல்ல வேலை கிடைத்த பிறகும் அவர் திரும்பி வர மாட்டார். போகிறவரை மரியாதையாக வழியனுப்பினால் திரும்பி வரும் வழியாவது திறந்திருக்கும்.

வேர்ல்டுஸ்பேஸை வைத்து "இந்தியர் காசு தர மாட்டார்" என்று முடிவு கட்டுவது

செயற்கைக்கோள் வழியே சந்தாவுக்கு ரேடியோ தந்த வேர்ல்டுஸ்பேஸ், நம் பக்கத்தில் எல்லோரும் காட்டும் உதாரணம். எனக்கு மனசுக்கு நெருக்கமானதும் இதுதான். கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டில் ஒரு வேர்ல்டுஸ்பேஸ் பெட்டி இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டை ஆன்டெனா, அதிலிருந்து ஒரு வயர். ஏசியாஸ்டார் செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கே, சற்றுத் தெற்கே தள்ளி வானத்தில் நிற்பதால் ஆன்டெனாவைக் கிழக்கு ஜன்னலில்தான் வைக்க வேண்டும். பெரியப்பா சரியான இடம் கிடைத்ததும் ஜன்னல் திட்டில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். "யாரும் இதை அசைக்கப்படாது" என்று கட்டளை. விடியற்காலை ஸ்ருதி அலைவரிசையில் பௌளி ராகம் கேட்டுக்கொண்டே பெரியம்மா கோலமாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். ஆகாசவாணியில் கர்நாடக சங்கீதத்துக்கு நேரம் குறித்திருக்கும். இங்கே 24 மணி நேரமும். அந்த ஒன்றுக்காகவே காசு கட்டிய வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய. தமிழ்ப் பாட்டுக்கு கேஎல் ரேடியோ, இந்துஸ்தானிக்கு கந்தர்வ் என்று தனித்தனி அலைவரிசை. அடையாள இசை ஏ.ஆர். ரஹ்மானுடையது.

நோவா சமாரா தொடங்கிய இந்த நிறுவனம் 1998-ல் ஆஃப்ரிஸ்டார் செயற்கைக்கோளையும் 2000-ல் ஏசியாஸ்டாரையும் ஏவியது. சந்தாதாரர்களில் பெரும்பகுதி இந்தியாவில். 2008 அக்டோபரில் தாய் நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியச் சேவை நின்றது.

கேட்பவர்கள் கட்ட மறுத்ததாலா? இரண்டு செயற்கைக்கோளின் செலவைச் சுமக்க, பல நாடுகளில் பரவியிருக்க வேண்டிய சந்தா ஏறக்குறைய ஒரே நாட்டில் சுருங்கி நின்றது. அமெரிக்காவில் இருந்த கார் வாசல் இங்கே இல்லை. கட்டிடங்களுக்கு நடுவே ஓடும் வண்டியில் தடங்கலில்லாமல் கேட்க தரையில் துணை ஒலிபரப்பிகள் வேண்டும். இந்தியாவில் அவை வணிக அளவில் வரவேயில்லை. ஒவ்வொரு சந்தாதாரரையும் கடையில் பிடித்து, தனிக் கருவி வாங்கவைத்து, ஜன்னலில் ஆன்டெனா வைக்கவைக்க வேண்டும். அதற்குள் தனியார் எஃப்எம் இலவசமாக நகரமெங்கும் பாட ஆரம்பித்துவிட்டது. கடன் கொடுப்பவர்கள் இருந்தவரை இது ஓடியது. அவர்கள் கையை இழுத்துக்கொண்ட வருஷத்தில் நின்றது.

சந்தா கட்டுபவர்களுக்கும் இதில் ஒரு தவறு தெரிகிறது. தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மந்த காலத்தில் நீண்ட சந்தா முன்கூட்டியே கட்டுவது. நிறுவனம் திவாலானால் முன்பணம் கட்டியவரும் கடன் கொடுத்தவர்களில் ஒருவர்தான், அதுவும் வரிசையில் பின்னால். அடமானம் பிடித்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் போக மிச்சமிருந்தால்தான் அவருக்கு. சிரியஸ் சுமார் 500 டாலருக்கு "வாழ்நாள் சந்தா" விற்றது. வாங்கிய பலர் அது தங்கள் வாழ்நாள் என்று நம்பினார்கள். நிறுவனமோ அந்தக் கருவியின் வாழ்நாள் என்றது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. சந்தேகமுள்ள காலத்தில் மாதச் சந்தா கொஞ்சம் கூடுதலானாலும் அதையே எடுங்கள்.

2009-ல் சிரியஸ் எக்ஸ்எம் பிழைத்ததை அப்படியே இன்றைக்குப் பொருத்துவதும் சரிவராது. அன்று காரில் வேறு போட்டி குறைவு. இன்று அதே இருக்கையில் போன் இருக்கிறது, அதில் யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் இலவசமாகவே கிடைக்கின்றன. 2023, 2024 இரண்டு ஆண்டிலும் சிரியஸ் எக்ஸ்எம்மில் சொந்தக் காசு கட்டுபவர்கள் குறைந்தார்கள். இன்னும் 3 கோடிக்கு மேல் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

வேர்ல்டுஸ்பேஸ் இந்தியாவில் வேலை பார்த்தவர்கள், அது மூடிய மறு ஆண்டே பெங்களூரில் ரேடியோவாலா என்ற இணைய ரேடியோவைத் தொடங்கினார்கள். போகப் போக அது கடைகளுக்கென்றே அலைவரிசை நடத்தும் தொழிலாக மாறி, 2024-ல் பங்குச் சந்தைக்கும் வந்தது. அங்கே கேட்பது துணி வாங்க வந்தவர். மாதா மாதம் கட்டுவது கடைக்காரர்.