சுகப்பிரசவத்துக்குத் தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலும் ஏற்காடு மலையிலும் கர்ப்பிணிகளோடு வேலை செய்கிற மிட்வைஃப் நான். நர்சிங் முடித்து, பிரசவ வார்டில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள். சமீபத்தில் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் தங்கள் திட்டத்தை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் முதல் பிரசவத்துக்கு முன்னால் நானும் என் அக்காவும் போட்ட அதே திட்டங்கள் அச்சு மாறாமல் வந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பப்பாளி, அன்னாசி, பளு தூக்குவது, ஹை ஹீல்ஸ் பற்றியெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இயற்கைப் பிரசவம் என்றால் வீட்டுப் பிரசவம் என்று நினைப்பது

2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஓர் இளம்பெண் இறந்தது நினைவிருக்கும். அதன் பிறகும் மாதம் தவறாமல் யாராவது ஒருவர் என்னிடம், "சிஸ்டர், வீட்டுக்கே வந்து பார்ப்பீங்களா?" என்று கேட்கிறார்கள். மாட்டேன். குழந்தை பிறந்த பிறகு வரும் ரத்தப்போக்கு யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்பது மாதமும் எல்லாம் சரியாக இருந்த பெண்ணுக்கும் வரும். வந்தால் நிமிடக் கணக்கில் ஊசி, டிரிப்ஸ், தேவைப்பட்டால் ரத்தம் வேண்டும். தேவையில்லாத மருந்தும் கத்தியும் இல்லாமல் பிரசவம் நடக்கட்டும் என்பதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். தேவையான மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் அந்த வேலையை நிம்மதியாகச் செய்ய முடியும்.

மிட்வைஃப் என்று சொல்லிக்கொள்பவரிடம், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதீர்கள். டூலா என்பவர் வேறு. அவர் கூட இருந்து தைரியம் சொல்வார், இடுப்பை நீவிவிடுவார். பிரசவம் பார்க்க மாட்டார்.

இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் சுகப்பிரசவங்களில் பெரும்பாலானவற்றைப் பார்ப்பது அங்கிருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்தான். பணம் கட்டி மிட்வைஃபைத் தேட வசதி இல்லையே என்று வருந்துகிற பெண்கள் ஒருமுறை அங்கே போய் அவர்களோடு பேசிப் பாருங்கள்.

வளைகாப்பு முடிந்ததும் ஃபைலை விட்டுவிட்டுத் தாய் வீட்டுக்குப் போவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எனக்கு இன்றுவரை ஆற்றாமை தீரவில்லை.

சேலம் அம்மாபேட்டையில் தறிக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு பெண். அம்மா வீடு மலை மேலே, காபித் தோட்டத்தை ஒட்டிய ஊர். மூன்றாம் மாதத்திலிருந்து என்னிடம் வந்தாள். மூச்சுப் பயிற்சி, குந்தி உட்காரும் பயிற்சி, நடை என்று எதையும் ஒரு நாள்கூட விட்டதில்லை. அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. ஒரு மாதம் 40 நாள், ஒரு மாதம் 45 நாள். அப்படிப்பட்டவர்களுக்குக் கடைசி மாதவிலக்கை வைத்துப் பிரசவத் தேதி குறித்தால் கணக்கு பிசகும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்கிற கணக்கே 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்குப் போட்டது. 9-வது வாரத்தில் எடுத்த முதல் ஸ்கேனில் தேதி 12 நாள் தள்ளி வந்தது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் சொல்லும் தேதிதான் நம்பகமானது. டாக்டரும் தேதியைத் திருத்தி ஃபைலில் எழுதினார். ஆனால் கையில் இருந்த தாய் சேய் நல அட்டையில் பழைய தேதியே இருந்தது.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. கட்டுச்சோறு கட்டி வந்து மகளை அழைத்துக்கொண்டு மலையேறினார்கள். புடவை, வளையல், சீர்த்தட்டு எல்லாம் கவனமாகப் போயிற்று. ஃபைல் மட்டும் மாமியாரின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் தங்கிவிட்டது. "தொலஞ்சிடக் கூடாதுன்னுதாங்க உள்ள வெச்சேன்" என்று அந்த அம்மா பிறகு என்னிடம் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்திரமாக வைக்க வேண்டிய பொருள் என்று நினைத்துத்தான் வைத்திருக்கிறார்.

அட்டையில் இருந்த தேதி வந்து போயிற்று. வலி வரவில்லை. "நாள் தாண்டிப் போச்சே" என்று அம்மா பயந்தார், சித்தி பயந்தார். என்னைக் கேட்காமலே கீழே கூட்டி வந்து, சித்திக்குத் தெரிந்த வேறொரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்த டாக்டருக்கு இவளை முன்பின் தெரியாது. அட்டையைப் பார்த்தார்: 41 வாரம் 2 நாள். வலி வரவைக்கலாம் என்றார். அந்தக் கணக்கு சரியாக இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உண்மையில் அன்று அவளுக்கு 39 வாரம் 4 நாள். கர்ப்பப்பை வாய் மூக்கு நுனி போலக் கெட்டியாக, மூடியே இருந்தது. வாய் இளக ஜெல் வைத்தார்கள். மறுநாள் வலி வரவைக்க டிரிப்ஸ். வலி வந்தது, வாய் திறக்கவில்லை. அன்றிரவு குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது. சிசேரியன்.

குழந்தை நன்றாக இருக்கிறது. துடிப்பு இறங்கிய பிறகு செய்த ஆபரேஷன் சரியான ஆபரேஷன், அதைக் குறை சொல்லவே கூடாது. ஆனால் அந்த நிலைக்குப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இதன் விலை அந்த ஒரு நாளோடு முடியவும் இல்லை. ஒருமுறை தையல் போட்ட கர்ப்பப்பைக்கு, அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயன்றாலும், ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் தயாராக இருக்கும் பெரிய மருத்துவமனைதான் வேண்டும். மலை மேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் என்ற வாய்ப்பு அவளுக்குப் போய்விட்டது.

அவள் போன் செய்தபோது சொன்னது மறக்கவில்லை. "ஸ்கேன் ரிப்போர்ட் போட்டோவாச்சும் இருக்கான்னு கேட்டாங்க சிஸ்டர். என் போன்ல வளைகாப்பு போட்டோதான் இருந்துச்சு."

தாய் வீட்டுக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. அம்மாவின் கையால் சாப்பிட்டு, அம்மா பக்கத்தில் இருக்கும்போது பிள்ளை பெறுவது பெரிய பலம். போவதாக இருந்தால் அதை ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்து சொல்லிவிடுங்கள். அங்கே பிரசவம் பார்க்கப்போகிறவரை 34 வாரத்துக்குள் ஒருமுறையாவது நேரில் பாருங்கள். திருத்திய தேதியை அட்டையின் முதல் பக்கத்திலேயே டாக்டரை எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்குங்கள். ரத்த வகை, ஹீமோகுளோபின், முதல் ஸ்கேன், கடைசி ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை, இவற்றைப் படம் எடுத்து உங்கள் போனிலும் அம்மாவின் போனிலும் வையுங்கள். இரண்டு ஊர் கிராம சுகாதார செவிலியருக்கும் தகவல் போகட்டும். கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது தரும் பிக்மி எண் கையில் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மகள் போவதற்குப் பதில் அம்மா கீழே வந்து தங்குவது. சம்பந்தி வீட்டில் தங்குவது எப்படி என்று தயங்குகிறார்கள். சேலத்திலேயே கன்னங்குறிச்சியிலோ கோரிமேட்டிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் 37 வாரத்திலிருந்து இருவரும் அங்கே இருக்கலாம். எனக்குத் தெரிந்த சில குடும்பங்கள் அப்படிச் செய்தன. ஊர் ஒன்றும் பேசவில்லை.

மலையில் இருந்துகொண்டு கீழே இருப்பவர்களின் கணக்கைப் பின்பற்றுவது

முதல் வலிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது உண்டு. முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் மெலிந்து 5 செ.மீ. திறக்கவே மணிக்கணக்காகும், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அந்த 5 செ.மீ.யிலிருந்துதான் தீவிர வலி என்று எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 1 செ.மீ. திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பையும் கைவிட்டது. சீக்கிரமே போய்ப் படுத்தால், "இன்னும் முன்னேற்றம் இல்லையே" என்று டிரிப்ஸ் போடும் வாய்ப்பு கூடும். ஆகவே டவுனில் இருக்கும் முதல் பிரசவப் பெண், வலி 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 1 நிமிடம், 1 மணி நேரமாக விடாமல் வரும்வரை வீட்டில் நடமாடலாம், குளிக்கலாம், கஞ்சி குடிக்கலாம். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, நீர் பச்சையாக வந்தாலோ இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, உடனே கிளம்ப வேண்டும்.

இது ஏற்காட்டுக்காரர்களுக்குப் பொருந்தாது. 20 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் பனி மூடினால் எதிரே வருவது தெரியாது. மே மாதக் கோடை விழாவில் வண்டிகள் வளைவுக்கு வளைவு நிற்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. கீழே பிரசவம் என்று முடிவு செய்திருந்தால், தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இறங்கிவிடுங்கள். மலை மேலேயே என்றால் எந்த நிலையம், இரவில் யார் இருப்பார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சில மலைப்பகுதி நிலையங்களில் முன்கூட்டியே வந்து தங்க காத்திருப்பு அறை உண்டு, கேளுங்கள். 108-ஐ நம்பலாம். ஆனால் அந்த வண்டியும் இதே வளைவுகளைத்தான் சுற்றி வர வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்குவது

வீட்டைச் சுற்றிக் காபிச் செடி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9. மாத்திரை தவறாமல் போட்டும் ஏறவில்லை என்று வருகிறார்கள். காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள், ஒன்று மதியம், ஒன்று இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் இரும்பு நன்றாகச் சேரும். 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது கடுமையாக இருந்தால் சாதாரண ரத்தப்போக்கையே அந்த உடம்பு தாங்காது.

விளக்கெண்ணெய்

வலி வரவைக்க வீட்டில் குடிக்காதீர்கள்.

கூட இருக்கப்போவது யார் என்று கடைசி நேரத்தில் முடிவு செய்வது

அரசு மருத்துவமனைகளிலும் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம். வீட்டிலேயே மூத்தவர் என்பதற்காக அத்தையை அனுப்புகிறார்கள். அத்தை வாசல்படியில் நின்றே அழுவார். யார் முகத்தைப் பார்த்தால் உங்கள் தோள் தளர்கிறதோ அவர் வரட்டும், வயதில் சின்னவளாக இருந்தாலும் பரவாயில்லை. என் வகுப்புக்கு வந்த ஒரு நாத்தனார், கல்லூரிப் பெண், அண்ணியின் இடுப்பில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, வலி ஏறி இறங்கும்வரை எடுக்கவே இல்லை. வலி இறங்கியதும் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுப்பாள், மறுபடி கையை வைப்பாள். அதிகம் பேசவும் இல்லை. துணை என்றால் அதுதான். உங்களுக்குத் துணையாக வரப்போகிறவரையும் ஒருமுறை என்னிடம் அழைத்து வாருங்கள்.

மல்லாந்து படுத்தே இருப்பது

நடங்கள். உட்காருங்கள். ஒருக்களித்துப் படுங்கள்.

அசைவு குறைந்ததை விடியும்வரை தள்ளிப்போடுவது

"கடைசி மாசத்துல இடம் இல்லாம குழந்தை அசையாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தவறு. அசைவின் விதம் மாறலாம், குறையக் கூடாது. வழக்கத்தைவிடக் குறைந்தது என்று உங்களுக்குத் தோன்றினாலே போதும், இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். போய்ப் பார்த்து எல்லாம் சரி என்று திரும்பி வந்தால் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முக வீக்கம், 140/90-ஐத் தொட்ட ரத்த அழுத்தம், இவற்றுக்கும் இதே பதில்தான்.

பிறந்த மறுநாளே வீட்டுக்குக் கிளம்புவது

சுகப்பிரசவம்தானே, எழுந்து நடக்கிறாளே என்று மாமனார் வண்டியோடு வந்து நிற்பார். 48 மணி நேரம் இருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்போடு போட்டுச் சீம்பால் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வருகிற பெரியவரை நர்ஸிடம் அனுப்பிவிடுங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம். வீட்டுக்குப் போன பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, நாற்றமடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தீட்டு என்று மூலையில் உட்கார வைக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். இதைப் பிரசவத்துக்கு முன்பே கணவரிடமும் மாமியாரிடமும் சொல்லி வையுங்கள், அன்றைக்கு உங்களுக்குச் சொல்லத் தெம்பு இருக்காது.