சிவனொளிபாதமலை ஏறக் காய்ந்த பெனியன்
சிவனொளிபாதமலையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். அதையும் ஒரு காய்ந்த பெனியனையும் பொலித்தீன் சொப்பிங் பேக்கில் இறுக்கி முடிந்து கொண்டுபோய், உச்சிக்குக் கொஞ்சம் கீழே தேத்தண்ணிக் கடையில் மாற்றுங்கள்.

அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து 5,000க்கும் அதிகமான படிகள். பெனியனைப் பிழியலாம், அவ்வளவு வியர்க்கும். 2,243 மீற்றர் உச்சியில் காற்றடிக்கும்போது அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சித்தான் காயும். நடக்கும்வரை குளிர் தெரியாது. பின்னால் வரும் கூட்டாளிக்காகப் பத்து நிமிடம் நின்றால் போதும், பல் கிட்டிவிடும்.

நல்ல மழையென்றால் இது சரிவராது, மாற்றியதும் நனைந்துவிடும். யாத்திரைக் காலம் வெசாக்கோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு கடைகளும் இருக்காது. அப்புறம், ஹோர்டன் சமவெளித் தேசியப் பூங்காப் பக்கம் போனால் பொலித்தீனை வாசலிலேயே எடுத்துவிடுவார்கள். அங்கே தடித்த துணிப்பைதான்.